செவந்தி சாக வேண்டிய கிணறு

முப்பது வருடமாக நாவல் எழுதுகிறேன். இதுவரை ஒரு புத்தக வெளியீட்டுக்கும் தலைகாட்டாத என் மைத்துனர், சினிமாக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கும்பகோணம் ரயில் நிலையம் வரை வந்து வழியனுப்பினார். ஜன்னல் வழியாகச் சாத்துக்குடிப் பையைத் திணித்துவிட்டு, "ஹீரோயினோட ஒரு போட்டோ எடுத்துக்குங்க மச்சான், பசங்ககிட்ட காட்டணும்" என்றார். என் நாவல் எதனுடைய பெயரும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

எழுதுகிறவனுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பல் பிடுங்கப் போனாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "உங்க கதை எப்ப சார் படமா வரும்?" படமாக வராதவரை நாம் எழுதியதெல்லாம் சும்மா. இந்தக் கேள்விக்கு அசட்டுச் சிரிப்புச் சிரித்துச் சிரித்தே எனக்கு வாய் கோணிவிட்டது.

குமரன் என்ற இளம் இயக்குநர் என் மூன்றாவது நாவலைப் படமாக்க வேண்டும் என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் குஜிலியம்பாறையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அந்த வறண்ட காட்டைக் களமாக வைத்து எழுதிய நாவல் அது. செவந்தி என்ற விவசாயி. மூன்று வருடம் மழை பொய்க்கிறது. ஒவ்வொன்றாக எல்லாம் கையை விட்டுப் போகிறது. கடைசியில் தன் தோட்டத்துக் கிணற்றில் இறங்குகிறாள். தண்ணீர் மெல்ல மூடுகிறது, மேலே கப்பியில் அவளுடைய தலைத்துண்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் முடிவு.

எனக்கு ஏதாவது பெயர் இருக்கிறதென்றால் அது இந்த ஒரு பக்கத்துக்காகத்தான். வாழ்நாளெல்லாம் தண்ணீருக்கு ஏங்கியவளைக் கடைசியில் தண்ணீரே வந்து அணைத்துக்கொண்டது என்று விமர்சகர்கள் உருகினார்கள். கல்லூரிகளில் இந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாடம் நடத்தினார்கள். நான் எழுதிய மற்ற பக்கங்களை யார் படித்தார்கள் என்று தெரியவில்லை.

குமரன் அந்தப் பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "நாலு நாள் திண்டுக்கல் வாங்க சார், டிஸ்கஷன்ல பேசிக்கலாம்" என்றார். ஆக, ஒரு பெண்ணை ஒழுங்காகச் சாகடிக்க வேண்டும் என்பதற்காக, அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு நான் ரயிலேறினேன்.

முதல் நாளே கோளாறு. ஆட்டோக்காரரிடம் லாட்ஜ் பெயரைச் சொன்னேன். அவர் என் கைப்பையையும் தாடியையும் பார்த்துவிட்டு, "சினிமாவா சார்? தெரியும், உக்காருங்க" என்று வேறொரு லாட்ஜில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கேயும் ஒரு சினிமா கோஷ்டி இருந்தது. கதவைத் திறந்தவர் "வாங்க சார்" என்று உட்காரவைத்து டீ கொடுத்தார். ஒரு போலீஸ்காரர் கதை ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். நான் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. "சார், காமெடிக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உண்மையைச் சொன்னதும், "பரவால்ல, டீய குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். நல்ல மனிதர்கள். நான்கு நாட்களில் என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சரியான லாட்ஜுக்கு வந்து குளிக்கப் போனால் சோப்பு நுரைக்கவில்லை. திண்டுக்கல் தண்ணீர் அப்படி. தேய்க்கத் தேய்க்க உடம்பில் பிசுபிசுப்புதான் ஏறியது. காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு இது பெரிய தண்டனை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் மழைக்காலத்தில் வாளியைக் கையால் நீட்டினாலே தண்ணீர் முகந்துவிடலாம், கயிறே வேண்டாம். அங்கேயிருந்து வந்தவன் இங்கே உப்புத் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு இலக்கியத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மத்தியானம் பிரியாணி. அதைப் பற்றி மட்டும் எனக்குக் குறையில்லை. சின்னச் சின்னச் சீரகச் சம்பா அரிசி, மசாலா கறியில் ஏறியிருந்ததே தவிர நாக்கை அறையவில்லை. நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறியவர் குனிந்து, "சார் வெளியூரா? இன்னம் செத்த சோறு வைக்கவா? இம்புட்டுத்தான் சாப்பிடுவீகளா?" என்றார். என் மனைவி கேட்டிருந்தால்கூட இவ்வளவு கவலை அதில் இருந்திருக்காது.

மறுநாள் டிஸ்கஷன் தொடங்கியது. சினிமாவில் கதையைப் பேசி முடிவு செய்யும் இந்த முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாட்ஜில் ஒரு அறை. கட்டிலில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இயக்குநர். சுற்றித் தரையில் மூன்று உதவி இயக்குநர்கள். நாள் முழுக்கக் கதையை வாயால் சொல்கிறார்கள். எழுதிக் காட்டுவதெல்லாம் அங்கே செல்லாது. முடிவை ஏன் மாற்றக்கூடாது என்று பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "நீங்க சொல்லுங்க சார், கேக்குறோம்" என்றார் குமரன். எனக்குச் சொல்ல வராது. பேச வராத காரணத்தால்தானே எழுத வந்தேன்? திக்கினேன், முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொன்னேன். உதவி இயக்குநர் ஒருவர் என் பன்னிரண்டு பக்கத்தின் மேல் டீ கிளாஸை வைத்தார்.

பிறகு குமரன் என் நாவலை எனக்கே சொன்னார். எழுந்து நின்று, கையை வீசி, செவந்தியாக நடந்து, செவந்தியின் மாடாகத் திரும்பிப் பார்த்து, பிரமாதமாகச் சொன்னார். பொறாமையாக இருந்தது. உதவி இயக்குநர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி, ஒரு வாசகராவது கிடைத்தார் என்று நினைத்தேன். விசாரித்ததில் அவர் நாவலைப் படிக்கவில்லை என்று தெரிந்தது.

"முடிவுல அவ சாகக்கூடாது சார். கடைசில போர்வெல்ல தண்ணி பீச்சி அடிக்குது, ஊரே ஆடுது, ஒரு பாட்டு" என்றார் குமரன். "மூணு வருஷம் பட்ட பாட்டுக்கு ஒரு பாட்டா?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த முடிவை எழுத நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்? ஆபீசுக்குப் போகுமுன் விடிகாலையில் எழுந்து, சமையலறை விளக்கில் உட்கார்ந்து, அந்த ஒரு பக்கத்தை ஏழு முறை எழுதினேன். குழந்தைக்குப் பால் கலக்க வந்த மனைவி "இன்னமுமா அந்தப் பொம்பளை சாகலை?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஏழாவது முறை சரியாக வந்தபோது, எனக்குள் எங்கேயோ ஊறிக் கிடந்தது தானாக வெளியே வந்ததாக நம்பினேன். பேட்டிகளிலும் அப்படியே சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை கொஞ்சம் ஓய்ந்தது. ஆளாளுக்குப் பிடித்த படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்த படங்கள் இரண்டு. ஒன்றை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. இருக்கிற ஒரே நல்ல சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலை தேடும் அண்ணன் தம்பி பற்றிய பழைய தமிழ்க் காமெடிப் படம் அது. எழுத்து வராத நாட்களில் அதைத்தான் பார்ப்பேன். இலக்கியக் கூட்டத்தில் கேட்டால் மறந்தும் சொல்ல மாட்டேன்.

வெளியே சொல்கிற படம் இன்னொன்று. கல்லூரியில் படித்தபோது, தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஏதோ ஒரு குளிர்தேசத்துப் படம். ஏரிக்கரையில் ஒரு வீடு. புருஷன் பேசவே மாட்டான். மனைவி தினமும் துணி உலர்த்துவாள். கடைசியில் ஒரு காலை, கொடியில் போர்வையைப் போட்டுவிட்டு, கிளிப்பை வாயில் கவ்வியபடியே ஏரிக்குள் நடந்து போகிறாள். தண்ணீர் மெல்ல மூடுகிறது. கொடியில் போர்வை ஆடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குத் திக்கவில்லை. "செமயா சொல்றீங்க சார்" என்றார் குமரன்.

மூன்றாம் நாள் என்னைச் சிறுமலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பச்சைப் பசேல் என்று இருக்கும், பாட்டுக்கு நன்றாக இருக்கும் என்று குமரனுக்கு எண்ணம். மழையில்லாத ஊரைப் பற்றிய படத்துக்கு மலைக்காட்டில் இடம் தேடினால் நான் என்ன சொல்ல? காரில் ஏறி உட்கார்ந்தேன். கடவுளுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பாதி மலையில், கொண்டை ஊசி வளைவில், கார் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

கூட வந்த ஒளிப்பதிவாளர் கேரளத்துக்காரர். மதில்மேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசினார். எனக்கு மலையாளம் புரியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்: "வண்டி மலையில நின்னுபோச்சு. பழம் நல்லா இருக்கு, வாங்கிட்டு வரேன். கூட ஒரு எழுத்தாளர் வந்திருக்கார். பாவம், யாரும் அவர் பேச்சைக் கேக்கறதில்லை. ராத்திரி மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கறார்." இந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்னை அந்த நான்கு நாளில் சரியாகக் கவனித்தவர் அவர்தான்.

அந்தப் பாதையில் பஸ் எப்போதாவதுதான் வரும். காத்துக் கிடந்து ஏறினோம். எனக்குப் பக்கத்து சீட்டில் மலைவாழைத் தோட்டக்காரர் ஒருவர் மடியில் ஒரு சீப்போடு இருந்தார். இரண்டு பழத்தைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "மலைக்கு என்ன சோலியா வந்தீக?" என்றார். "படம் எடுக்க இடம் பார்க்க." "என்ன படம்?" "மழை இல்லாம வாடுற ஒரு விவசாயியைப் பத்தி." அவர் வெளியே பார்த்தார். பஸ் ஜன்னலில் மேகம் உரசிக்கொண்டு போனது. "அதுக்கு எதுக்கு இங்கிட்டு வந்தீக?" என்றார். முன் சீட்டில் இருந்த குமரனுக்குக் கேட்கட்டும் என்று, "நல்லாக் கேளுங்க, இன்னொரு தடவ கேளுங்க" என்றேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மண்ணைத் தெரியாதவனெல்லாம் கதை பண்ண வந்தால் இப்படித்தான் பல்லை இளிக்கும் என்று இறங்குகிற வரை கருவிக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் வேறொரு காரில் குஜிலியம்பாறை. கதை நடக்கும் ஊரையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஊருக்கு வெளியே வெள்ளையம்மாள் என்பவருடைய காட்டில் பழைய கல்கட்டுக் கிணறு ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். மாசி மாத வெயில். மண் வெடித்துக் கிடந்தது. வேலி ஓரம் வரிசையாக முருங்கைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். இலை சுருண்டிருந்தது. குமரனும் ஒளிப்பதிவாளரும் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன்.

வெள்ளையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பங்கூழும், வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். "நீங்கதேன் கதை எழுதுனவுகளாமே? என்ன கதை? சொல்லுங்க" என்று எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். முந்தாநாள் லாட்ஜ் அறையில் யாரும் என் வாயைப் பார்த்து இப்படிக் காத்திருக்கவில்லை. சொன்னேன். திக்காமல் சொன்னேன். மழை பொய்த்ததைச் சொன்னபோது "ஆமா" என்றார். மாட்டை விற்றதைச் சொன்னபோது மூக்கை உறிஞ்சினார். செவந்தி கிணற்றுக்குள் இறங்குவதையும், தண்ணீர் மூடுவதையும், துண்டு ஆடுவதையும் சொல்லி நிறுத்தினேன். இவரும் அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

வெள்ளையம்மாள் யோசித்தார். "மூணு வருசமா மழையில்லேங்குறீக."

"ஆமாம்மா."

"ரெண்டு மைல் நடந்து போயி ஒரு கொடம் தண்ணி தூக்கியாந்தான்னு சொன்னீக."

"ஆமா."

"கெணத்துல அம்புட்டுத் தண்ணி இருந்தா அவ எதுக்குக் கொடத்தத் தூக்கிட்டு நடக்குறா?"

அடியில் கொஞ்சம் ஊற்று இருந்திருக்கலாம் என்று இழுத்தேன். "எந்திரிச்சு எட்டிப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஆழத்தில் வெறும் பாறை. ஓரத்தில் எருக்கஞ்செடி ஒன்று முளைத்திருந்தது. புறாக்கள் பறந்தன. "இதுல விழுந்தா கால்தேன் ஒடியும். எங்க சின்ன மாமனாரு விழுந்தாரு. இந்தா, நொண்டி நொண்டி ஆடு மேய்ச்சுக்கிட்டுத்தேன் இருக்காரு" என்று கையைக் காட்டினார். தூரத்தில் ஒருவர் நொண்டிக்கொண்டே போனார்.

இரண்டு வருடம் இந்த ஊரில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது ஒரு கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. கிணறு என்றால் தண்ணீர் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கும்பகோணத்தானுக்கு அதற்கு மேல் தோன்றவும் தோன்றாது. அதைவிட மோசமான இன்னொன்றும் அங்கே நின்றபோது உறைத்தது. அந்தத் தண்ணீர் எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்கூட இல்லை. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூட ஹாலில் நான் பார்த்த ஏரித் தண்ணீர். அந்தப் போர்வைதான் என் துண்டு. எனக்குள் ஊறியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, யாரோ ஒருவனுடைய படத்திலிருந்து மொண்டுகொண்டு வந்திருக்கிறேன். பாடம் நடத்தியவர்களில் ஒருவருக்குக்கூடக் குடத்துக்கும் கிணற்றுக்கும் இருக்கிற முரண் கண்ணில் படவில்லை. படித்தவர்களும் என்னைப் போலத்தான், கிணற்றை எட்டிப் பார்க்காதவர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

குமரனிடம் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். என் முடிவு தப்பு, உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். முப்பது வருடத்தில் ஒருவரிடமும் நான் சொல்லாத வாக்கியம்.

வாயைத் திறப்பதற்குள் குமரன் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க ஜெயிச்சுட்டீங்க. உங்க முடிவுதான். கேமராமேன் மேலேருந்து ஒரு ஃபிரேம் காட்டினாரு, அசந்துட்டேன். வட்டக் கிணறு, நடுவுல அவ, சுத்தித் தண்ணி. புரொடியூசர்கிட்டயும் போன்ல பேசிட்டேன்." லாட்ஜ் அறையில் நாள் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியதில் நகராதவர், மேலிருந்து பார்த்தால் கிணறு வட்டமாகத் தெரிகிறது என்பதற்காக நகர்ந்துவிட்டார்.

"கிணத்துல தண்ணி இல்லையே" என்றேன்.

"அதுக்கென்ன சார், டேங்கர் அடிச்சு ஒரு ஆள் மட்டத்துக்கு ரொப்பிடலாம்."

பின்னாலேயே வந்த வெள்ளையம்மாள் காதில் இது விழுந்தது. "ஏந்தம்பி, படம் எடுத்து முடிச்சப்பறம் அந்தத் தண்ணிய என்ன செய்வீக? திரும்ப எடுத்துக்கிருவீகளா?"

குமரன் சிரித்தார். "ஊத்தின தண்ணிய யாரும்மா அள்ளிட்டுப் போவா? உங்களுக்குத்தான்."

வெள்ளையம்மாள் முருங்கை வரிசையை ஒரு பார்வை பார்த்தார். என் முழங்கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "சார், அப்ப அவ சாவட்டும்."

"நீங்கதானேம்மா தப்புன்னு சொன்னீங்க?"

"அது செத்த நேரத்துக்கு முந்தி" என்றார். "நீங்க எதையும் மாத்தச் சொல்லிறாதீக. ஒராள் மட்டத்துல யாரு சாவா? தரையில கால் ஊனி நின்னுக்கிருவா. ரெண்டாள் மட்டத்துக்கு வேணும்னு சொல்லுங்க. எழுதுனவுக நீங்க, சொன்னாக் கேப்பாக. கன்னுகளப் பாருங்க, பங்குனி தாங்காது."

பார்த்தேன். தாங்காதுதான். இந்த நாவலை எழுதிய நாளிலிருந்து, அதில் எனக்கு இது வேண்டும் என்று ஒரு மனுஷி என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டது கதையை இல்லை, கதையில் இருந்த தப்பை.

குமரனிடம் போனேன். "ஒரு ஆள் மட்டம் நம்புற மாதிரி இருக்காது. இரண்டு ஆள் ஆழமாவது இருக்கணும்" என்றேன். குரலில் கொஞ்சம் கண்டிப்பையும் சேர்த்துக்கொண்டேன். அவர் உதவி இயக்குநரைக் கூப்பிட்டு, "குறிச்சுக்கோ, ரெண்டாள் மட்டம். சார் சொல்றது கரெக்ட், லாஜிக் இடிக்கக்கூடாது" என்றார்.

ஒப்பந்தத் தாளைக் கார் பானெட்டின் மேல் விரித்தார்கள். இரும்பு கொதித்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தால் வெள்ளையம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த மாசம் சார் சாவா?"

"சித்திரையில எடுக்கறதா பேசிக்கிறாங்க" என்றேன்.

"சொல்லிப் பாருங்க சார். பங்குனியிலயே செத்துட்டான்னா கன்னு பொழச்சுக்கிரும்" என்றார்.